சிலி தேசத்துச் சட்டமும் சிவப்புப் பென்சிலும்

சிலி என்று ஒரு தேசம் இருப்பது இருபத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம், ஒரு நஷ்டமும் வந்திருக்காது. 1924ஆம் வருஷம் அந்தத் தேசம் ரங்கூன் வரைக்கும் தேடி வந்து என் பிராணனை வாங்கியது.

அப்போது ரங்கூனில் பசுண்டான் பேட்டையில் ஓர் அரிசி மில்லில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். சாயந்திரம் மில்லை விட்டதும் நேரே எங்கள் தமிழர் வாசகசாலைக்கு ஓட வேண்டும். குடை ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் நீளமாக ஒரு மரத்தளம், அதுதான் வாசகசாலை. கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், முனிசிபாலிட்டி ஆட்கள் என்று அறுபது பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஐம்பது பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. அவர்களுக்குப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் என் தலையில் விழுந்த பொறுப்பு அது.

சும்மா படித்துவிட்டுப் போகவும் முடியாது. எனக்கு முன்னால் படித்தவர் தமக்குப் பிடிக்காத செய்திகளை விழுங்கிவிடுகிறார் என்று ஒரு நாள் கைகலப்பே நடந்ததாம். அதிலிருந்து எங்கள் காரியதரிசி ஒரு விதி செய்துவிட்டார். பத்திரிகைகளை வந்த வரிசையில்தான் படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் தொடங்கி ஒரு வரி விடக் கூடாது, கூந்தல் தைல விளம்பரத்தைக் கூட. படித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். பக்கத்தின் அடியில் கையெழுத்து. வருஷக் கடைசியில் அவர் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். பூட்டியதை யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த விதிகளை ஒரு பலகையில் எழுதி, சுவரில் இருந்த உலகப் படத்தின் மேலேயே ஆணி அடித்து மாட்டியிருந்தார். அந்தப் பலகைக்குப் பின்னால் தென் அமெரிக்கா முழுவதும் மறைந்துபோய், பிரேசிலின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரியும்.

"வந்த வரிசை" என்பதில்தான் வினை இருந்தது. ரங்கூன் இங்கிலீஷ் பத்திரிகையில் தந்திச் செய்தி அன்றன்றைக்கு வந்துவிடும். அதை நான் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வேன். சென்னைப் பத்திரிகைகள் கப்பலேறி வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும். எங்கள் ஊரிலேயே அச்சடித்த தமிழ் வாரப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் பிறகு சாவகாசமாக வரும். ஆகவே எங்கள் வாசகசாலையில் திங்கட்கிழமை செத்துப்போன துரை வெள்ளிக்கிழமை எழுந்து பிரசங்கம் செய்வார். அதற்கடுத்த வாரம் அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். தேதியை முதலில் சொல்லிவிட்டுத்தான் படிப்பேன். யார் காதில் அது விழும்? எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

அந்தச் செப்டம்பர் மாதத்தில் சிலி வந்து சேர்ந்தது. முதலில் வந்தது தந்தி: அந்நாட்டுப் பிரசிடெண்டு ராஜினாமா கொடுத்தார், பார்லிமெண்டு அதை ஏற்காமல் ஆறு மாத லீவு கொடுத்து அனுப்பியது, அவர் நாட்டை விட்டே போய்விட்டார். அடுத்த தந்தியில் ராணுவத்தார் ஆட்சிக்கு வந்து பார்லிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். நான் குறி போட்டேன், கையெழுத்திட்டேன், சிலியை மறந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சென்னைப் பத்திரிகை வந்தது. அதில் பிரசிடெண்டு பழையபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்லிமெண்டில் அங்கத்தினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளம் போட்டுக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தபோது, மேல் மாடத்திலிருந்த இளம் ராணுவ அதிகாரிகள் தங்கள் வாள்களைத் தட்டிச் சத்தம் செய்தார்களாம். தொழிலாளர் சட்டங்கள் வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடக்க உங்களுக்குச் சம்பளம் கேட்கிறதா என்று அவர்களுக்குக் கோபம். வாள் சத்தத்தில் பார்லிமெண்டு தூக்கம் கலைந்து, அத்தனை சட்டங்களையும் ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டது. அவற்றில் ஒன்று, வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளியே பொறுப்பு என்பது.

படித்து முடித்ததும் கேள்விகள் ஆரம்பித்தன.

"ஓடிப்போன ஆளு எப்ப தம்பி திரும்பி வந்தான்?"

"திரும்பி வரலைங்க. இது அதுக்கு முந்தின செய்தி."

"முந்தினதை ஏன் பிந்திப் படிக்கிறீங்க?"

பலகையைக் காட்டினேன். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு ரயில்வேயில் கொடி காட்டுகிறவர் ஒருவர் கேட்டார்: "சபைக்குள்ள வாளைத் தட்டுற வரைக்கும் அங்க காரியதரிசி என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?" எங்கள் காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. சிலிக்காரர்கள் நல்ல விதிகளைச் செய்துகொள்ளாததால் வந்த வினை அது என்று கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பசி.

அன்று எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒருவர் மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவர், நாற்பது வயதிருக்கும். வருஷக்கணக்காக முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர். ஆகஸ்டு கடைசியில் ஒரு மழை நாளில் கிரேன் கயிறு அறுந்து அரிசி மூட்டைகள் அவர் வலது பாதத்தின் மேல் இறங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு கழிகளை ஊன்றிக்கொண்டு அந்தச் செங்குத்தான மரப்படியில் எப்படி ஏறி வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"தம்பி, அந்தக் கால் போன சட்டத்தை இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"இது நெசமா நடந்திருக்கா?"

"நடந்திருக்குண்ணே. ஆனா சிலியில. அது எங்கேயோ கிடக்கு. கப்பல்ல போனா மாசக்கணக்கா ஆகும்."

"கப்பல் போற ஊர்தானே?" என்றார்.

அவர் நிலைமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய மேஸ்திரி ஒரு தாளில் கைநாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். தன் கவனக்குறைவால் அடிபட்டதாகவும், சொந்த விருப்பத்தில் ஊர் திரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தால் நாகப்பட்டினத்துக்கு ஒரு டிக்கெட், ஒரே ஒரு டிக்கெட். வைக்காவிட்டால் இருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த அறையில் அவருடைய பர்மியப் பெண்சாதியும் நான்கு வயது மகளும் இருந்தார்கள். பெண்சாதி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கியாக்தான் ஊர்க்காரி. அவளை ஊருக்கு அழைத்துப்போனால் அண்ணன் தம்பிகள் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டதெல்லாம் சரக்குக் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலை. அதைக் கொடுத்தால் ரங்கூனிலேயே அவர்களோடு இருந்துவிடலாம். மேஸ்திரி சிரித்தானாம்.

"சட்டம்னு ஒண்ணு இருந்தா, அதைச் சொல்லிக் கேக்கலாம்ல?" என்றார்.

"அண்ணே, சிலிச் சட்டத்தைச் சொல்லி ரங்கூன்ல கேட்டா சிரிப்பாங்கண்ணே."

"அங்கயும் மூட்டை தூக்குறவன் கால்தானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் இல்லாதபோது எனக்கு எரிச்சல் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

அதிலிருந்து தினமும் வந்தார். நான் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பார். பிறகு ஒரே கேள்வி: "அந்தச் சட்டம் இருக்கா, போயிடுச்சா?" சென்னைப் பத்திரிகை வந்தால் சட்டம் இருக்கும். தந்தி வந்தால் போய்விட்டது போலத் தோன்றும். வாரப் பத்திரிகை வந்தால் சட்டம் இன்னும் வரவே இல்லை. சட்டம் போட்ட பார்லிமெண்டைக் கலைத்துவிட்டால் சட்டமும் கலைந்துவிடுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அந்த ஊர் வக்கீலா? மேஸ்திரியிடம் அவர் "சிலியில என்ன முடிவுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வாரக்கணக்காகக் கடத்திக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மேஸ்திரிக்குச் சிலி என்றால் என்னவென்று தெரியாது. யாரோ பெரிய வக்கீல் என்று நினைத்துக் கொஞ்சம் பயந்துதான் இருந்தான் போலிருக்கிறது.

ஒரு தடவை அவர் பெண்சாதியும் மகளோடு வந்தாள். பெண்கள் மேலே வரக் கூடாது என்று விதி, ஆகவே குடைக் கடை வாசலில் நின்றாள். நான் இறங்கும்போது "சயா" என்று கூப்பிட்டாள். படித்தவனைப் பர்மாக்காரர்கள் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "சயா, இன்னைக்கு நல்ல சேதி இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அந்தச் சிறுமியின் தலையில் குடையைப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு நின்றாள். அதற்கும் எரிச்சல்தான் பட்டேன்.

அக்டோபரில் ஒரு சாயந்திரம். மில்லில் அன்று துரையிடம் சரியான வசவு வாங்கியிருந்தேன். மூன்று பத்திரிகைக் கட்டுகள் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. இரண்டரை மணி நேரம் படித்துத் தொண்டை கட்டிவிட்டது. தைல விளம்பரத்தை மட்டும் ஏழு தடவை படித்தேன். படியில் இறங்கப் போனேன், அவர் கழிகளை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"தம்பி, அந்தச் சட்டம்..."

"செத்துப் போச்சு" என்றேன். "சபையைக் கலைச்சாச்சு, ஆளு ஓடியாச்சு, சட்டமும் செத்துப் போச்சு. இனிமே அதைக் கேக்காதீங்க. போய்க் கைநாட்டு வெச்சிட்டு ஊரைப் பாத்துப் போங்கண்ணே."

அப்படி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "பத்திரிகையில போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு வரி விடாமல் படிக்கிறவன் பொய் சொல்வான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரமே நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண்சாதியும் மகளும் கியாக்தானுக்குப் போய்விட்டார்கள். இனி யாரும் வழியை மறிக்க மாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் சிலி என்னை விட்டதா? ஜனவரியில் மறுபடியும் தந்தி. முதலில் வந்த ராணுவத்தாரை வேறு ராணுவத்தார் விரட்டிவிட்டு, பழைய பிரசிடெண்டையே திரும்பக் கூப்பிடுகிறார்களாம். இதைத்தானய்யா முதலிலேயே செய்திருக்கலாம் என்று எனக்குக் கத்தத் தோன்றியது. மார்ச்சில் அவர் திரும்பி வந்து தலைநகரில் இறங்கினார், ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள் என்று படித்தேன். பாயில் இருந்த அறுபது பேரும் ஏதோ சொந்தத்தில் கல்யாணம் போலக் கைதட்டினார்கள். அந்தச் சந்தடியில் கொடி காட்டுகிறவர் கேட்டார்: "அப்ப நம்ம கால் போன ஆளோட சட்டம் என்னாச்சு தம்பி?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காரியதரிசியிடம் போய் அலமாரிச் சாவி கேட்டேன். பூட்டிய கட்டைத் திறக்க விதியில் இடமில்லை என்றார். கொஞ்சம் குரலை உயர்த்தினேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். 1924ஆம் வருஷக் கட்டைத் தரையில் விரித்து, சிலி என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேதி வரிசைப்படி பார்த்தேன். அந்தச் சட்டங்களை ரத்து செய்ததாக எங்குமே இல்லை. நான் கொன்றேனே தவிர, அதை வேறு யாரும் கொல்லவில்லை.

எங்கேயாவது விட்டிருப்பேனோ என்று பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். ஜூலை மாதத்து வாரப் பத்திரிகை வந்தது. கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், சர்க்கார் அறிவிப்பு ஒன்று. "மேற்படி" என்றும் "இதன் கீழ்க்கண்ட" என்றும் மூச்சு விடாமல் போகும் தமிழ். இரண்டு தடவை படித்த பிறகுதான் பொருள் புரிந்தது. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்தியாவிலும் பர்மாவிலும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்துவிட்டது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களும் அதில் உண்டு. சிலிக்காரர்கள் வாளைத் தட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே, அவர் காலில் மூட்டை விழுவதற்கும் முன்பே, ரங்கூனில் அது சட்டம்.

அந்த அறிவிப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி இருந்தது. பக்கத்தின் அடியில் என் கையெழுத்து.

நான்தான் படித்திருக்கிறேன். அறுபது பேருக்கு முன்னால், உரக்க, ஒரு வரி விடாமல். அவரும் முதல் வரிசையில், இரண்டு காலையும் மடித்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என் காதில்கூட அது விழவில்லை.

காரியதரிசி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் குறியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். "நீங்க விதிப்படி படிச்சிருக்கீங்க தம்பி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அவரை அந்தக் கட்டாலேயே அடிக்கத் தோன்றியது. யாரை அடித்து என்ன?

தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் ஓடினேன். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு விண்ணப்பத்தைத் தட்டியிருந்தால் மேஸ்திரி அலறிக்கொண்டு காவல் வேலையைக் கொடுத்திருப்பான் என்றும் சொன்னார். கேட்காததையெல்லாம் சிலர் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு ஆற்றைத் தாண்டிச் சிரியம் போகும் படகில் ஏறி, அங்கிருந்து கியாக்தான் போனேன். அவருடைய ஊர் விலாசத்தை வாங்கிவரப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே ஆற்றின் நடுவில் தீவு மாதிரி ஒரு பயா, அதாவது புத்தர் கோயில், உண்டு. அதற்குப் படகில் போகிறவர்கள் மீனுக்குப் போடுவதற்காகப் பொரி வாங்குவார்கள். படகுத் துறையில் பொரிக் கூடையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சயா! சிலி மன்னர் திரும்பி வந்துட்டாரா?"

"அதை யார் உனக்குச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல. அவர் கப்பல் ஏறும்போது சொன்னார். அந்த மன்னர் ஓடினதாலே சட்டம் செத்தது. அவர் திரும்பி வந்தா சட்டமும் வரும், நானும் வரேன். வந்தா, படிக்கிற தம்பி வந்து உன்கிட்ட சொல்லும், அது ஒண்ணையும் விடாதுன்னு சொன்னார்." பிறகு மறுபடியும் கேட்டாள். "வந்துட்டாரா?"

"வந்துட்டார்" என்றேன். அது ஒன்றுதான் அந்த வருஷம் முழுவதும் நான் அவர்களிடம் சொன்ன உண்மை.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டில் தண்ணீரோடு விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டுப் பர்மியத்தில் ஏதோ சொன்னாள். அந்த அளவுக்கு எனக்குப் பர்மியம் தெரியும். அப்பா வரப் போகிறார், முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றாள். சிறுமி ஓடினாள்.

சிறுமி திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். ரங்கூனில் சட்டம் இருந்ததை, நானே அதைப் படித்ததை, அவர் கேட்டபோது நான் பொய் சொன்னதை, நாள் கடந்துவிட்டதை. அவள் அம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க படிச்ச அன்னைக்கு அவரும் அங்க இருந்தாரா?" இருந்தார் என்றேன். அவள் குனிந்து பொரிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சிறுமி ஈர முகத்தோடு வந்து, என்னைத் தாண்டி, படகு வரும் பக்கம் பார்த்து நின்றாள்.